பிரஷ் இல்லாத மோட்டார்களும் அவற்றின் இயக்க முறைகளும்

மின்சார மோட்டார் எவ்வகைப்பட்டதாயினும் அது சுழல்வதற்கு வேண்டிய நிபந்தனை ஒன்றே. நிலையாக நிற்கும் ஸ்டேட்டரின் காந்த மண்டலமும், சுழலும் ரோட்டரின் காந்த மண்டலமும் ஒன்றோடொன்று நேர்ப்பட முயன்றுகொண்டே இருக்க வேண்டும். ஆனால் முற்றிலும் நேர்ப்பட்டுவிடக் கூடாது. நேர்ப்பட்ட கணமே முறுக்கு விசை மறைந்து யந்திரம் ஓய்ந்துவிடும். ஆகையால், ரோட்டர் சற்றே திரும்பியதும், அடுத்து எந்தச் சுருளில், எந்தத் திசையில், எந்தக் கணத்தில் மின்னோட்டம் பாய வேண்டும் என்னும் தீர்மானம் இடைவிடாமல் நடந்தேற வேண்டியிருக்கிறது. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அது தம்மிடம் வந்து திரும்பும் சமயமறிந்து தள்ளுவது போன்ற காரியம் இது. சமயம் தவறினால் எவ்வளவு பலமாகத் தள்ளினும் பயன் இராது.

நேர் மின்சார மோட்டார்களில் இத்தீர்மானத்தைச் செய்துவந்தவை கம்யூட்டேட்டர் எனப்படும் செம்புத் துண்டுகளின் வளையமும், அதன்மேல் உரசி நிற்கும் பிரஷ்களுமே. பிரஷை நீக்கிய மோட்டார்கள் இத்தீர்மானத்தை ஒழித்துவிடவில்லை. வேறோர் இடத்துக்கு மாற்றியிருக்கின்றன. எங்கே மாற்றின என்று ஆராய்ந்தால், இன்று கடைகளிலும் பட்டறைகளிலும் பலப்பல பெயர்களுடன் வழங்கும் மோட்டார்கள் யாவும் ஒரு கிரமத்துக்குள் அடங்கும் என்பதும், மோட்டாரின் வகையை அதை இயக்கும் சாதனத்தினின்று பிரித்துப் பேசுவதால் பயனில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பிரஷின் குணமும் குற்றமும்

1832-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் கம்யூட்டேட்டருடன் கூடிய மோட்டாரை அமைத்த நாள் முதல், அந்த உறுப்பின் எளிமையே அதன் பெருமையாக இருந்துவந்தது. ரோட்டர் எங்கே இருக்கிறது என்பதை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை. செம்புத் துண்டுகள் ரோட்டரோடு சேர்ந்தே சுழல்வதால், சரியான சுருள் சரியான சமயத்தில் பிரஷின் கீழ் தானாகவே வந்து சேரும். இரண்டு கம்பிகளை மின்கலத்தோடு இணைத்தால் போதும், மோட்டார் ஓடும், வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும்.

குற்றங்களும் அந்த உரசலிலிருந்தே பிறந்தன. கார்பன் தேயும்; தேய்ந்த தூள் உள்ளே படியும்; மாற்றம் நிகழும் ஒவ்வொரு தடவையும் தீப்பொறி எழும்பி, எரியக்கூடிய ஆவிகள் உள்ள இடங்களில் அபாயத்தையும், அருகிலுள்ள வானொலிப் பெட்டியில் இரைச்சலையும் உண்டாக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது, தரையில் நீண்ட நாள் உழைத்த பிரஷ்கள் அங்கே வெகு சீக்கிரம் தேய்ந்து பொடியாவது கண்டு பொறியியலாளர் திகைத்தனர். கார்பனுக்கு வழவழப்புத் தருவது காற்றிலுள்ள ஈரமே என்பதும், வறண்ட மேல்வெளியில் அது கிடைப்பதில்லை என்பதும் ஆராய்ச்சியில் தெளிவாயின. காற்றே இல்லாத விண்வெளிக்கு மனிதன் கருவிகளை அனுப்ப முற்பட்டபோது, பிரஷ் இல்லாத மோட்டார் கட்டாயத் தேவையாயிற்று.

மின்னிணைப்பே வழிகாட்டும் மோட்டார்கள்

ஆயினும் பிரஷைத் துறந்த முதல் மோட்டார் விண்வெளி யுகத்தைச் சேர்ந்ததன்று. அது பத்தொன்பதாம் நூற்றாண்டினது. 1824-இல் பிரான்சில் அராகோ, செம்புத் தட்டு ஒன்றைச் சுழற்றினால் அதன்மேல் தொங்கும் காந்த ஊசியும் உடன் சுழல்வதைக் கண்டார். அதன் காரணம் 1831-இல் பாரடே மின் தூண்டலைக் கண்டறிந்த பின்னரே விளங்கியது. இத்தாலியின் தூரின் நகரில் கலிலேயோ ஃபெராரிஸ், ஒன்றுக்கொன்று கட்டம் பிந்திய இரண்டு மாறு மின்னோட்டங்களை இரண்டு சுருள்களில் செலுத்தினால், எந்தப் பாகமும் அசையாமலே காந்த மண்டலம் சுழலும் என்று காட்டி, 1888-இல் அதை வெளியிட்டார். அம்முறையில் அமையும் மோட்டாரின் திறன் பாதியைத் தாண்டாது என்று கருதி அவர் அதன் வியாபாரப் பயனை அலட்சியம் செய்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லா அதற்கான உரிமங்களைப் பெற்றார். மறு ஆண்டில் ஜெர்மனியில் டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடும் கூண்டு ரோட்டர் மோட்டாரை உருவாக்கினார்.

இந்தத் தூண்டல் மோட்டாரில் சமயமறியும் பொறுப்பு மின் உற்பத்தி நிலையத்தினிடமே விடப்பட்டிருக்கிறது. அங்கே ஜெனரேட்டர் சுழல்வதால் பிறக்கும் மாறு மின்சாரம், பல நூறு மைல் கடந்து வந்து, மோட்டாரினுள் காந்த மண்டலமாகச் சுழல்கிறது. ரோட்டர் அதைப் பின்தொடர்கிறது. முற்றிலும் எட்டிப் பிடித்துவிட்டால் கூண்டுக் கம்பிகளில் தூண்டல் நின்று விசையும் மறைந்துவிடும். எனவே அது எப்போதும் சற்றுப் பிந்தியே ஓட வேண்டும். நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் காந்த மண்டலம் நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுழல, அதன் பெயர்த் தகட்டில் 1440 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். கோயம்புத்தூரின் பம்ப் செட்டுகளும், ஆழ்துளைக் கிணற்றில் நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும் மோட்டார்களும் பெரும்பாலும் இவ்வினத்தவை. தேய்வதற்குப் பேரிங்கைத் தவிர வேறொன்றும் இல்லாத யந்திரத்தையல்லவா கிணற்றுக்குள் இறக்க முடியும்?

ஒரு கட்ட மின்சாரமே வரும் வீடுகளில் சுழலும் மண்டலம் இயல்பாகக் கிட்டாது. அங்கே கெபாசிட்டர் ஒன்று இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தைக் கட்டம் மாற்றி, ஒருவாறு சுழற்சியை ஏற்படுத்துகிறது. கெபாசிட்டர் கெட்டால் மின்விசிறி தானே கிளம்ப மாட்டாமல் முனகுவதும், கையால் தள்ளிவிட்டால் ஓடுவதும் இதன் விளைவே.

தூண்டல் மோட்டாரின் குறை, அது மின்னிணைப்பின் அதிர்வெண்ணுக்கு அடிமை என்பது. மின்னணுச் சாதனங்கள் வந்து, அதிர்வெண்ணையும் வோல்ட்டையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்கும் டிரைவ்கள் பிறந்த பின்னரே அந்தத் தளை அறுந்தது. விசிறியிலும் பம்பிலும் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவதால், வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். வால்வை மூடி நீரைக் குறைப்பதைவிட மோட்டாரை மெதுவாக ஓட்டுவதே இலாபம் என்பது இதனால் பெறப்படும். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத் ரயிலை இழுப்பவையும் இத்தகைய டிரைவ்களால் இயக்கப்படும் மூன்று கட்டத் தூண்டல் மோட்டார்களே.

எண்ணி நடப்பவையும் காந்தமற்றவையும்

வேறொரு வகையில், ரோட்டர் எங்கே இருக்கிறது என்று வினவாமலே, இன்ன சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அது இன்ன இடத்தில் வந்து நிற்கும் என்னும் நம்பிக்கையில் காரியம் நடக்கிறது. அச்சு யந்திரங்களிலும் முப்பரிமாண அச்சுப் பொறிகளிலும் காணப்படும் ஸ்டெப்பர் மோட்டார் இவ்வினத்தது. அதன் வழக்கமான வகையின் ரோட்டரில் 50 பற்கள். ஒரு பல்லின் இடைவெளியை நான்கு படிகளில் கடப்பதால் ஒரு சுற்றுக்கு 200 படிகள், அதாவது படிக்கு 1.8 பாகை. டிரைவர் எனப்படும் இயக்கச் சாதனம் அனுப்பும் துடிப்புகளை எண்ணிக்கொண்டால் இடம் தெரிந்துவிடும். ஆனால் பாரம் அதிகமாகி ஒரு படி தவறிப்போனால், அதை அறிவதற்கு இம்முறையில் வழியே இல்லை. எண்ணிக்கை ஓரிடம் சொல்ல, யந்திரம் வேறோரிடத்தில் நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இத்தகைய யந்திரங்கள் ஓர் எல்லைக்குச் சென்று தொட்டுவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்குகின்றன.

ரிலக்டன்ஸ் மோட்டாரின் ரோட்டரில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை; பல் வெட்டிய இரும்பு மட்டுமே உண்டு. மின்சாரம் பாயும் துருவத்தை நோக்கி இரும்பு இழுபடுகிறது. நேர்ப்படுவதற்கு முன் அந்தச் சுருளை அணைத்து அடுத்ததை ஏற்ற வேண்டும். ஸ்காட்லாந்தின் ராபர்ட் டேவிட்ஸன் 1842-இல் எடின்பரோ – கிளாஸ்கோ பாதையில் ஓட்டிப் பார்த்த மின்சார எஞ்சின் இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. சமயமறிந்து அணைத்து ஏற்றவல்ல டிரான்சிஸ்டர்கள் இன்மையால் அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து, 1970களுக்குப் பின்னரே மறுபிறவி எடுத்தது. மோட்டார் எவ்வளவு எளிதோ அவ்வளவுக்கு அதன் டிரைவர் சாமர்த்தியம் உடையதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. நேர்ப்படும் வேளையில் ஸ்டேட்டரே நெளிந்து எழுப்பும் ஓசை இன்னும் இதன் பெருங்குறையாக நிற்கிறது.

நிலைக்காந்த மோட்டார்

இன்று பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத நேர் மின்சார மோட்டார்) என்று விசிறிக் கடைக்காரர் முதல் ஸ்கூட்டர் விற்பனையாளர் வரை எல்லோர் வாயிலும் வழங்குவது நிலைக்காந்த ரோட்டரைக் கொண்ட மோட்டார். பழைய நேர் மின்சார மோட்டாரை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் இது கிடைக்கும்: அங்கே வெளியில் நின்ற காந்தம் இங்கே சுழல்கிறது, அங்கே சுழன்ற சுருள்கள் இங்கே நிற்கின்றன. சுருள்கள் அசையாதபோது அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க உரசல் எதற்கு? அன்றியும், வெப்பம் பிறக்கும் சுருள்கள் உறையோடு ஒட்டி நிற்பதால் குளிர்விப்பதும் எளிதாகிறது. டி. ஜி. வில்ஸன், பி. எச். டிரிக்கி என்னும் இருவர் 1962-இல் எழுதிய ஆய்வுரையில் செம்புத் துண்டுகளுக்குப் பதிலாக மின்னணு விசைகளைக் கொண்டு நேர் மின்சார மோட்டாரை இயக்கும் முறையை விவரித்தனர்.

எனினும் வலிய காந்தம் இன்றி வலிய மோட்டார் இல்லை. ஃபெரைட் காந்தம் மலிவானது, ஆனால் மெலிந்தது. 1960களில் சமேரியம் கோபால்ட் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மஸாடோ ஸகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் ஒருவரையொருவர் அறியாமல் நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த காந்தத்தைக் கண்டனர். கையளவு மோட்டார் ஒரு டிரோனைத் தூக்குவதற்குக் காரணம் இக்காந்தமே. ஆனால் இது வெப்பத்தைத் தாங்காது. சாதாரண ரகங்கள் 80 பாகை செல்சியஸை ஒட்டியே தம் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கிவிடும்.

அமைப்பில் இவை பல வகை. ரோட்டர் உள்ளே சுழலும் வகை எடை குறைந்த அச்சுடன் மிக வேகமாகச் சுழலவல்லது. வெளி உறையே ரோட்டராகச் சுழலும் வகை, விசை செயல்படும் ஆரம் பெரிதாவதால், குறைந்த வேகத்தில் மிகுந்த முறுக்குத் தருவது. கூரை விசிறியும் டிரோனும் இந்தப் பிந்தைய வகையை நாடுகின்றன. ஓசூரில் உற்பத்தியாகும் இரண்டு மின்சார ஸ்கூட்டர்களை ஒப்பிட்டால் இன்னொரு வேற்றுமையும் புலப்படும்: டி.வி.எஸ். ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்தின் உள்ளேயே இருக்கிறது. ஏத்தரில் அது நடுவே நின்று பெல்ட்டின் வழியே சக்கரத்தைத் திருப்புகிறது. முன்னதில் பல்சக்கரமும் பெல்ட்டும் தேவையில்லை. பின்னதில் சக்கரத்தின் பாரம் குறைவு, குலுக்கல்களினின்று மோட்டாருக்கும் பாதுகாப்பு.

டிரோன் மோட்டார்களில் ‘கே.வி.’ என்றொரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்பதே அதன் பொருள். அது பெரிதானால் மோட்டார் பலமுடையது என்று கருதுவது தவறு. 9.55-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு விசை நியூட்டன் மீட்டரில் கிட்டும். ஆகவே 1000 கே.வி. மோட்டார் 100 கே.வி. மோட்டாரைக் காட்டிலும் ஆம்பியருக்குப் பத்தில் ஒரு பங்கு முறுக்கே தரும். வேகமும் முறுக்கும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் விவகாரமே.

ஆறு படி இயக்கம்

நிலைக்காந்த மோட்டாரின் மூன்று சுருள் கூட்டங்களுக்கும் மின்சாரம் வழங்க ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டும். ஒவ்வொரு முனையையும் மேல் கம்பியோடு இணைக்க ஒன்று, கீழ்க் கம்பியோடு இணைக்க ஒன்று. எளிய முறையில் எந்தக் கணத்திலும் இரண்டு முனைகள் மட்டுமே மின்சாரம் பெறும். மூன்றாவது சும்மா கிடக்கும். இத்தகைய சேர்க்கைகள் ஆறு. ஒரு ஜோடித் துருவம் கடந்தால் ஆறு படிகளும் ஒருமுறை முடியும். ஏழு ஜோடித் துருவங்கள் உள்ள மோட்டார் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுச் சுழன்றால், விநாடிக்கு 7000 முறை இத்தீர்மானம் நிகழ வேண்டும்.

சமயத்தை அறிய வழிகள் இரண்டு. முதலாவது, ஸ்டேட்டரில் மூன்று ஹால் உணரிகளைப் பதித்து ரோட்டர் காந்தத்தின் துருவத்தைக் கேட்டறிவது. மூன்று உணரிகளின் விடைகள் எட்டு விதமாகச் சேரக்கூடும். ஆயினும் வழக்கமான அமைப்பில் மூன்றும் ‘உண்டு’ எனவோ மூன்றும் ‘இல்லை’ எனவோ ஒருபோதும் சொல்லா. அவ்வாறு சொன்னால் கம்பி அறுந்திருக்கிறது என்று டிரைவர் உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிடும்.

இரண்டாவது வழி நுட்பமானது. சுழலும் காந்தம் சும்மா கிடக்கும் மூன்றாவது சுருளில் தானே ஒரு வோல்ட்டை உண்டாக்குகிறது. அது பூஜ்யத்தைக் கடக்கும் கணத்திலிருந்து அரைப்படி, அதாவது மின்கணக்கில் 30 பாகை, பொறுத்து அடுத்த மாற்றத்தைச் செய்தால் உணரியே வேண்டியதில்லை. மோட்டார் தன் இருப்பிடத்தைத் தன் சுருளின் வழியே தானே தெரிவித்துவிடுகிறது. ஆனால் நிற்கும் மோட்டார் எதையும் தெரிவிப்பதில்லை. ஆகையால் தொடக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சில படிகள் இழுத்து, போதிய வேகம் வந்த பின்னரே இம்முறைக்கு மாற வேண்டும். விசிறிக்கும் பம்புக்கும் தொடக்கத்தில் பாரம் இல்லை. அவற்றுக்கு இது பொருந்தும். மேட்டில் இரண்டு பேரைச் சுமந்து நிற்கும் ஸ்கூட்டருக்குப் பொருந்தாது.

வெக்டர் முறை

ஆறு படி இயக்கத்தில் ஸ்டேட்டரின் மண்டலம் தாவித் தாவிச் செல்கிறது. ரோட்டரோ சீராகச் சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய 90 பாகைக் கோணம் 60-க்கும் 120-க்கும் இடையே ஊசலாடுகிறது. சுருளில் எழும் வோல்ட் சைன் அலையாக இருந்தால், ஒவ்வொரு படியின் ஓரத்திலும் முறுக்கு சுமார் 13 சதவீதம் சரிந்து, அதிர்வும் முனகலும் தோன்றும். இக்குறையை நீக்கும் வழியைக் கணிதம் காட்டியது. மூன்று சுருள்களின் மின்னோட்டங்களை ரோட்டரோடு சேர்ந்து சுழலும் ஒரு சட்டத்திலிருந்து நோக்கினால், அலையலையாக மாறும் அவை இரண்டு நிலையான அளவுகளாகத் தோன்றும் என்று 1929-இல் ராபர்ட் பார்க் காட்டியிருந்தார். அவ்விரண்டில் ஒன்று காந்த மண்டலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வது. மற்றது முறுக்கை மட்டும் தருவது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் கார்ல் ஹாஸேயும் ஃபெலிக்ஸ் பிளாஷ்கேயும் இதைக் கொண்டு மாறு மின்சார மோட்டாரையும் பழைய நேர் மின்சார மோட்டாரைப் போல் எளிதாக ஆளலாம் என்னும் முறையை வகுத்தனர்.

இம்முறையில் டிரைவர், விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்னோட்டத்தை அளந்து, ரோட்டரின் கோணத்தை அறிந்து, கணக்கிட்டு, ஆறு டிரான்சிஸ்டர்களின் திறப்பு நேரங்களையும் நிர்ணயிக்கிறது. ஒரே மோட்டாரை ஆறு படி டிரைவரில் ஓட்டினால் இரையும். வெக்டர் டிரைவரில் ஓட்டினால் அமைதியாகச் சுழலும். காந்தத்தை எதிர்க்கும் அளவில் சிறிது மின்னோட்டம் செலுத்தினால், மின்கலத்தின் வோல்ட் அனுமதிக்கும் எல்லைக்கு மேலும் வேகத்தைக் கூட்டலாம். வாகனத்தை மெதுவாக்கும்போது முறுக்கின் குறியை மாற்றி, அதே மோட்டாரை ஜெனரேட்டராக்கி மின்கலத்துக்குச் சக்தியைத் திருப்பலாம். இவை எதற்கும் மோட்டாரில் ஒரு திருகையும் மாற்ற வேண்டியதில்லை.

புதிய சாதனத்துக்குப் புதிய நோய்களும் உண்டு. ஒரே முனையின் மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரு கணம் சேர்ந்து திறந்தாலும் நேரிடை மின்பாய்ச்சலில் இரண்டும் எரிந்துபோகக்கூடும். ஆகையால் ஒன்றை மூடி மற்றதைத் திறப்பதற்கிடையே சிறு மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. வேகமாக ஏறி இறங்கும் வோல்ட் பெரிய மோட்டார்களின் அச்சில் மின்னழுத்தத்தை உண்டாக்கி, பேரிங்கின் வழியே தரைக்குப் பாய்ந்து அதன் உருளைகளை அரிக்கிறது. இதைத் தவிர்க்க அச்சைத் தரையோடு இணைக்கும் ஒரு சிறு பிரஷைப் பொருத்துகிறார்கள் என்பது, பிரஷைத் துரத்தியவர்களைப் பார்த்து விதி சிரிப்பதாகவே தோன்றும்.

எதற்கு எது

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், தேர்வுக்குரிய நெறி தெளிவாகும். ஒரே வேகத்தில் ஓயாமல் ஓடும் பம்புக்கும் ஆலை யந்திரத்துக்கும் தூண்டல் மோட்டாரே இன்றும் தக்கது. அதற்கு டிரைவர் இல்லாமலும் வாழத் தெரியும். வேகம் அடிக்கடி மாறும் இடத்திலும், சிறிய மோட்டார்களிலும் நிலைக்காந்த வகை மேம்பட்டது. சுமார் 75 வாட் எடுக்கும் பழைய கூரை விசிறியின் வேலையைப் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டை ஒட்டிய செலவில் செய்துவிடுகிறது. நிறுத்தும் இடம் முக்கியமாகவும் பாரம் நிச்சயமாகவும் உள்ள இடத்தில் ஸ்டெப்பர் போதும்.

காந்தத்தைச் சார்ந்து நிற்பதில் ஓர் அரசியலும் கலந்திருக்கிறது. நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களைக் கொண்ட காந்தங்களின் உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவின் கையில் இருக்க, 2025 ஏப்ரலில் அந்நாடு சில அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதியைக் கட்டாயமாக்கியபோது, இந்திய வாகனத் தொழிலும் கவலைக்குள்ளாயிற்று. காந்தமற்ற ரிலக்டன்ஸ் மோட்டாரும், டெஸ்லா நிறுவனம் 2012-இல் தன் மாடல் எஸ் காரில் பயன்படுத்திய தூண்டல் மோட்டாரும் மீண்டும் கவனிக்கப்படுவது இதனால் வியப்பன்று. காந்தம் செய்த வேலையைக் கணக்கினால் எவ்வளவு ஈடு செய்யலாம் என்பதே அங்கே எழும் கேள்வி.

உழைப்பின் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். பழைய மோட்டார் கெட்டால் தெருமுனைப் பட்டறையில் பிரஷை மாற்றுவார்கள். காயில் எரிந்தால் ரீவைண்டிங் செய்து கொடுப்பார்கள். அந்த அறிவு ஊருக்கு ஊர் பரவியிருந்தது. பி.எல்.டி.சி. விசிறி நின்றால் பெரும்பாலும் மோட்டாரில் பிசகு இராது. அதனுள்ளிருக்கும் மின்னணுப் பலகையே கெட்டிருக்கும். அப்பலகையோ, தயாரித்தவர் மனம் வைத்தால்தான் கிடைக்கும். சமயமறியும் பொறுப்பு செம்பிலிருந்து மென்பொருளுக்குச் சென்றபோது, பழுது பார்க்கும் அதிகாரமும் பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டது. எனவே பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் மோட்டாரை ஒரு பாடமாகவும் மின்னணுவியலை வேறொரு பாடமாகவும் பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் இனிப் பொருந்தாது. வைண்டிங் தெரிந்தவர் ஆறு டிரான்சிஸ்டர்களின் பாஷையையும் கற்க வேண்டும். டிரைவருக்கு உதிரிப் பலகையும் வயரிங் படமும் கொடுப்பதைத் தயாரிப்பாளரின் கடமையாக்கவும் வேண்டும். மின்சாரத்தில் மிச்சப்படுத்தியதைக் குப்பையில் எறியும் பலகைகளின் விலையாகத் திருப்பிக் கொடுக்கலாகாது என்று எண்ணுவோர் முதலில் கேட்க வேண்டியது இவ்விரண்டையுமே.